நாரையின் முழங்கால் அளவு

நெட்டாற்றின் கடைமடையில் ஒரு நீர்நாய் வளை வைத்திருந்தாள். பெயர் சுழியாள். வளையின் வாசல் தண்ணீருக்குள் இருந்தது. உள்ளே நான்கு குட்டிகள். கண் திறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. நீந்தத் தெரியாது.

புருஷன் இல்லை. போன வெள்ளத்தில் போனவன் போனவன்தான்.

வாசல் தண்ணீருக்குள் இருக்கிறவரை பயம் இல்லை. செந்நாய்க்கு முங்கத் தெரியாது. சுழியாள் அதை நம்பித்தான் அங்கே குட்டி போட்டாள்.

ஒரு காலை அவள் மீனோடு திரும்பினாள். வாசலின் மேல்விளிம்பு வெளியே தெரிந்தது. ஈரமாக, கறுப்பாக, ஒரு புருவம் போல.

எதிர்க்கரையில் ஒரு செந்நாய் உட்கார்ந்திருந்தான்.

"என்ன தாயி, வீடு தெரியுது!" என்றான்.

சுழியாள் மீனை வளைக்குள் தள்ளினாள்.

"குட்டிங்க எத்தனை?"

"உனக்கெதுக்கு?"

"சும்மா கேட்டேன். எங்க வீட்ல உருப்படி ஜாஸ்தி. பங்கு வைக்கணும்ல!"

எழுந்து போய்விட்டான். அவசரப்படவில்லை. அவனுக்கு என்ன அவசரம்! அவன் வேலையைத் தண்ணீரே பார்த்துக்கொண்டிருந்தது.

சுழியாள் சேற்றை அள்ளி வாசலில் அப்பினாள். சேறு வழிந்து விழுந்தது. மறுபடி அப்பினாள். மறுபடி விழுந்தது. குட்டிகளை வேறு மடுவுக்குத் தூக்கிப் போகலாம் என்றால் வேறு மடுவே இல்லை. கீழே எல்லாம் மணல். மேலே எல்லாம் பாறை. நடுவில் செந்நாய்கள்.

"மேலே போய்க் கேட்கிறேன்" என்று குட்டிகளிடம் சொன்னாள். குட்டிகளுக்கு என்ன புரியும்! பாலைக் குடித்துவிட்டுத் தூங்கின.

நெட்டாற்றில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. யார் வேண்டுமானாலும் வாய்க்கால் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் மருத மரத்தடியில் நாரை இறங்கி நிற்பார். அவர் முழங்காலுக்குத் தண்ணீர் இருந்தால் ஆறு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். குறைந்தால் வாய்க்கால்களை அடைத்துவிட வேண்டும். காடே ஒத்துக்கொண்ட ஏற்பாடு.

அந்த நாரையின் பெயர் கோலப்பன். அவரை மட்டும் எல்லோரும் "அவர்" என்றுதான் சொல்வார்கள். அளக்கிறவர் அல்லவா! யாரிடமும் கை நீட்டாதவர். பொய் சொல்லத் தெரியாதவர். கேடு அங்கேதான் இருந்தது. பொய்யர் என்றால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

ஆற்றில் மூன்று வாய்க்கால்கள் இருந்தன. தலைமடையில் சடையாண்டி என்கிற கரடி வெட்டியது ஒன்று. அவனுக்கு நாவல் தோப்பு செழிக்க வேண்டும். அவனுக்குக் கீழே திம்மராசு என்கிற காட்டெருமை. அவன் மந்தைக்குப் புல் வேண்டும். அதற்குக் கீழே மூக்கையன் என்கிற காட்டுப்பன்றி. அவன் கூட்டத்துக்குப் புரளச் சேறு வேண்டும். மூன்றுக்கும் கீழேதான் மருத மரம். அதற்கும் வெகுகீழே சுழியாளின் மடு.

கரடி வெட்டியபோது கோலப்பன் இறங்கி நின்றார். "முழங்கால்!" என்றார். காட்டெருமை வெட்டியபோதும் நின்றார். "முழங்கால்!" பன்றி வெட்டியபோதும் அதேதான். எல்லோரும் சந்தோஷமாகக் கலைந்து போனார்கள்.

சுழியாள் மருத மரத்தடிக்கு வந்தபோது நடுப்பகல். பஞ்சாயத்தைக் கூப்பிட்டாள். கரடி கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தான். காட்டெருமை வாயில் புல்லோடு வந்தான். பன்றி சேறு சொட்டச் சொட்ட வந்தான்.

"என்ன தங்கச்சி, என்ன விஷயம்?" என்றான் மூக்கையன்.

"ஆத்துல தண்ணி குறைஞ்சுபோச்சு அண்ணே. என் வளை வாசல் வெளிய தெரியுது. செந்நாய் வந்து எட்டிப் பார்த்துட்டுப் போறான். கொஞ்ச நாளைக்கு வாய்க்கால அடைங்க. குட்டிங்க நீந்தக் கத்துக்கிட்டா போதும். அப்புறம் நான் கேக்க மாட்டேன்."

"தண்ணி குறைஞ்சுதா இல்லையான்னு நீ சொல்லக் கூடாது. நான் சொல்லக் கூடாது. அளக்கிறவர் சொல்லணும்" என்றான் மூக்கையன்.

கோலப்பன் நிதானமாக ஆற்றில் இறங்கினார். ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி வைத்தார். நடு ஆறு வரை போனார். நின்றார்.

"முழங்கால்!"

"கேட்டியா?" என்றான் மூக்கையன்.

சுழியாள் நாரையின் காலைப் பார்த்தாள். சரிதான், முழங்கால் தண்ணீர்தான். பிறகு திரும்பி மருத மரத்தைப் பார்த்தாள். அதன் வேர் கரையில் காய்ந்து கிடந்தது. வேரின் மேல் எறும்பு ஊர்ந்தது.

"பெரியவரே! சடையாண்டி வாய்க்கால் வெட்டின அன்னிக்கு இந்த வேர்கிட்ட நின்னுதானே அளந்தீங்க! உங்க வால் இந்த வேர்ல உரசுச்சு. நான் பார்த்தேனே!"

"இருக்கலாம்" என்றார் கோலப்பன்.

"இப்ப நடு ஆத்துல நிக்கிறீங்களே!"

"தண்ணி இருக்கிற இடத்துலதானம்மா நிக்க முடியும்? தரையில நின்னு தண்ணிய எப்படி அளக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். கரடிக்குக் கொட்டாவியே நின்றுபோய்விட்டது.

"இங்க வந்து நில்லுங்க" என்றாள் சுழியாள். "பழைய இடத்துல நில்லுங்க."

நல்ல மனுஷர்தான். கேட்டதும் வந்தார். வேருக்குப் பக்கத்தில் காய்ந்த மணலில் நின்றார். குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"இங்க தண்ணியே இல்லையேம்மா. எதை அளக்க?"

"அதைத்தான் சொல்றேன்!" என்று கத்தினாள் சுழியாள்.

மூக்கையன் தரையில் புரண்டு புரண்டு சிரித்தான். "தண்ணி இல்லாத இடத்துல போய் அளந்தா, தண்ணி இல்லைன்னுதான் வரும்! அடி போடி பைத்தியக்காரி!"

திம்மராசு மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கும் கன்றுகள் இருந்தன. "பாவம், குட்டிக்காரி" என்றான். "வாய்க்கால அடைச்சுத்தான் பாப்போமே. தண்ணி ஏறினா, குறைஞ்சது நம்மாலதான். ஏறலைன்னா நம்ம மேல தப்பில்ல."

"நியாயம்தான்" என்றான் மூக்கையன் உடனே. "ஆனா ஒழுங்கா செய்யணும். ஆளுக்கு ஒரு நாள். ஒருத்தன் அடைக்கிற அன்னிக்கு மத்தவங்க வாய்க்கால் திறந்தே இருக்கட்டும். அப்பதான் யாரால குறையுதுன்னு தெரியும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. சுழியாளும் சரி என்றாள். அவளுக்கு அப்போது புரியவில்லை.

முதல் நாள் சடையாண்டி அடைத்தான். ஒரு பெரிய பாறையைப் புரட்டி வாய்க்கால் வாயில் வைத்தான். கரடி செய்தால் வேலை சுத்தமாக இருக்கும். அவன் வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் அத்தனையும் ஆற்றுக்குத் திரும்பியது. சுழியாள் கரையோடு கூடவே ஓடினாள். "வா, வா!" என்று தண்ணீரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள்.

தண்ணீர் திம்மராசின் வாய்க்கால் வரை வந்தது. அங்கே பாதி உள்ளே திரும்பியது. காட்டெருமைகள் வாய்க்காலை ஆற்றைவிட ஆழமாக மிதித்துவைத்திருந்தன. மீதி மூக்கையனின் வாய்க்காலுக்கு வந்தது. அதுவும் உள்ளே போயிற்று. பன்றிகள் இன்னும் ஆழமாகத் தோண்டியிருந்தன. மருத மரத்தடிக்குக் கூடுதலாக வந்து சேர்ந்தது ஒன்றும் இல்லை.

"முழங்கால்!" என்றார் கோலப்பன்.

"பாத்தியா! என் வாய்க்கால அடைச்சும் தண்ணி ஏறல" என்றான் சடையாண்டி. பாறையைத் தள்ளிவிட்டுத் தூங்கப் போனான்.

"அண்ணே, கரடி விட்ட தண்ணிய உங்க வாய்க்கால் குடிச்சிருச்சு!" என்று சுழியாள் திம்மராசிடம் சொன்னாள்.

"அதுவா வந்து விழுந்துச்சு தாயி. நான் கூப்பிட்டேனா?"

அன்று மாலை சுழியாள் மடுவுக்கு ஓடினாள். வாசலில் பாதி வெளியே தெரிந்தது. கல்லை உருட்டி வைத்தாள். பால் கொடுத்தாள். எதிர்க்கரையில் இப்போது இரண்டு செந்நாய்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"மேல என்ன சொல்றாங்க?" என்று கேட்டான் பழையவன். அக்கறையாகத்தான் கேட்டான்.

இரண்டாம் நாள் திம்மராசு அடைத்தான். அவன் விட்ட தண்ணீரை மூக்கையனின் வாய்க்கால் வாங்கிக்கொண்டது. பன்றிக்குட்டிகள் புதுச் சேற்றில் குதித்துக் கூத்தடித்தன.

"முழங்கால்!"

"என் மேலயும் தப்பில்ல" என்றான் திம்மராசு. ஆனால் சுழியாளின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. "ஒவ்வொண்ணா அடைச்சா ஒருத்தர் விடறதை இன்னொருத்தர் எடுத்துக்கிறீங்க! மூணையும் ஒரே நாள்ல அடைங்க! ஒரே ஒரு நாள்!"

மூக்கையன் தலையை ஆட்டினான். "அது முறையில்ல தங்கச்சி. மூணையும் சேர்த்து அடைச்சு, தண்ணி ஏறிருச்சுன்னு வை. எது குத்தவாளின்னு எப்படித் தெரியும்? ஒண்ணும் அறியாத வாய்க்கால் மேல பழி வந்துரும்ல!"

"பழி வந்தா வாய்க்கால் அழுமா? என் குட்டிங்க செத்துரும்!"

"கோவப்படாத. நாளைக்கு என் முறை. நான் அடைக்கிறேன். அதையும் பாத்துரு."

மூன்றாம் நாள் மூக்கையன் அடைத்தான். அவனுக்குக் கீழே வேறு வாய்க்கால் இல்லை. விட்ட தண்ணீர் நேரே மருத மரத்தடிக்கு வந்தது. சுழியாள் கரையில் நின்று பார்த்தாள். மணல் நனைந்தது. நனைந்த மணல் மறைந்தது. தண்ணீர் கரையை நோக்கி ஏறிற்று. காய்ந்த வேரின் நுனியைத் தொட்டது. எறும்புகள் சிதறி ஓடின.

அவள் துள்ளிக் குதித்தாள். "ஏறுது! ஏறுது! பாருங்க!"

எல்லோரும் பார்த்தார்கள். நாரையின் காலைப் பார்த்தார்கள். அதுதான் வழக்கம். அளவு என்றால் அந்தக் கால்தான். கரையை யாரும் பார்ப்பதில்லை.

தண்ணீர் ஏறியதும் கோலப்பன் ஓர் அடி பின்னால் வைத்தார். இன்னும் ஏறியது. இன்னோர் அடி வைத்தார். வேண்டுமென்று வைக்கவில்லை. பிறந்ததிலிருந்து முழங்கால் தண்ணீரில் நின்று மீன் பிடித்த கால் அது. ஆழம் கூடினால் தானாகப் பின்வாங்கும். குறைந்தால் தானாக முன்னே போகும். கால் நகர்ந்தது அந்த மனுஷருக்கே தெரியாது.

குனிந்து பார்த்தார்.

"முழங்கால்!"

"நகர்ந்துட்டாரு!" என்று அலறினாள் சுழியாள். "பெரியவரே, நீங்க நகர்ந்தீங்க!"

"நானா? நான் நின்னுக்கிட்டுல்ல இருக்கேன்" என்றார் கோலப்பன். மனசாரச் சொன்னார். அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது. யாரும் இதுவரை அவரை இப்படிச் சொன்னதில்லை.

சுழியாள் திம்மராசின் காலடியில் போய் விழுந்தாள். "அண்ணே, நீங்க பாத்தீங்க. வேர் நனைஞ்சத நீங்க பாத்தீங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவன் பார்த்தான்தான். தலையைத் திருப்பித் தன் புல்வெளியைப் பார்த்தான். பச்சையாக இருந்தது. வாலால் ஓர் ஈயை ஓட்டினான்.

"அவரு அளந்துட்டாரு தாயி. நான் என்ன சொல்ல?"

"அவ்வளவுதான்! கூட்டம் முடிஞ்சுது!" என்றான் மூக்கையன். அதற்குள் அவன் பிள்ளைகள் வாய்க்கால் வாயை முட்டித் திறந்துவிட்டிருந்தன. மருத மரத்து வேர் காய ஆரம்பித்தது.

சுழியாள் ஓடினாள். தண்ணீரில் நீந்தி ஓடினாள். தண்ணீர் இல்லாத இடத்தில் கல்லில் ஓடினாள். கால் கிழிந்தது. நிற்கவில்லை.

வளையின் வாசல் முழுவதும் வெளியே இருந்தது. அவள் வைத்த கல் உருண்டு கிடந்தது. மணலெல்லாம் கால்தடம். எதிர்க்கரையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. உட்கார அவர்களுக்கு இனி வேலை இல்லை.

உள்ளே போனாள். ஒரு குட்டி மட்டும் வளையின் கடைசி மூலையில், ஒரு வேருக்குப் பின்னால் சொருகிக்கொண்டு கிடந்தது. மூச்சு இருந்தது. சத்தம் போடவில்லை. அந்த நாளுக்குப் பிறகு அது சத்தமே போடவில்லை.

மற்ற மூன்றும் இல்லை.

அதன் பிறகு கோடை முற்றியது. மடு குட்டையாயிற்று. குட்டை சேறாயிற்று. சுழியாள் சேற்றில் கிடைத்த தவளையைத் தின்று அந்த ஒன்றுக்குப் பால் கொடுத்தாள். தவளையும் தீர்ந்தது. ஒரு விடியலில் குட்டியைப் பிடரியில் கவ்விக்கொண்டு மேலே நடந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் பெரிய ஆறு ஒன்று உண்டு. தலைமடை வழியாகத்தான் போக வேண்டும்.

மருத மரத்தடியில் ஆறு இல்லை. மணல் இருந்தது. நாரை அங்கே நிற்கவில்லை.

மூக்கையனின் சேற்றுக்குழி வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. பன்றிக்குட்டிகள் சில அதில் படுத்திருந்தன. ஈ மொய்த்தது. எதுவும் எழுந்திருக்கவில்லை.

திம்மராசின் புல்வெளி மஞ்சளாகிக் கிடந்தது. மந்தையைக் காணோம். மலை ஏறிய குளம்புத் தடம் மட்டும் இருந்தது. அவன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான்.

தலைமடையில் மட்டும் தண்ணீர் இருந்தது. சுனையிலிருந்து கசிந்து வந்த கொஞ்சமும் கரடியின் வாய்க்காலுக்குள் திரும்பி, நாவல் தோப்பில் ஒரு குட்டையாகத் தேங்கி நின்றது. குட்டையின் நடுவில் கோலப்பன் நின்றார். இளைத்துப்போயிருந்தார். கரையில் சடையாண்டி உட்கார்ந்திருந்தான். அவன் எதிரே மூக்கையன் நின்றான். எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தோலில் காய்ந்த சேறு உரிந்தது.

"அண்ணே, வாய்க்கால அடை" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான் மூக்கையன். "ஆறு செத்துப்போச்சு. என் பிள்ளைங்க சாகுது. இன்னும் ரெண்டுதான் மிச்சம்."

"ஆறு செத்துதா இல்லையான்னு நீ சொல்லக் கூடாது" என்றான் சடையாண்டி. "நான் சொல்லக் கூடாது. பெரியவரே, அளந்து சொல்லுங்க!"

கோலப்பன் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"முழங்கால்!" என்றார்.

"போதுமா?" என்றான் சடையாண்டி.

மூக்கையன் சுற்றுமுற்றும் பார்த்தான். ஏறிவரும் சுழியாளைப் பார்த்துவிட்டான். தள்ளாடிக்கொண்டு அவளிடம் ஓடிவந்தான். வழியை மறித்து நின்றான்.

"தங்கச்சி! நல்ல நேரத்துல வந்த! நீ சொல்லு! இந்த ஆளு நகர்ந்து நகர்ந்து இங்க வந்து நிக்கிறாரு! நீதான் பாத்தியே! நீ சொன்னா எடுபடும்! ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ தங்கச்சி!"

சுழியாள் அவனைப் பார்த்தாள். அவன் கண்ணில் ஈ உட்கார்ந்திருந்தது. அவள் என்றைக்கோ இப்படி ஒரு நாள் வர வேண்டும் என்று சபித்திருந்தாள். வந்தும்விட்டது. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வாயில் குட்டி இருந்தது. பேச வேண்டுமென்றால் அதைக் கீழே வைக்க வேண்டும்.

அவள் வைக்கவில்லை. பன்றியைச் சுற்றிக்கொண்டு மலை ஏறிப் போனாள்.

தண்ணீரோடு சேர்ந்து நகர்கிற காலை அளவுகோல் என்று நம்புகிறவர்களுக்கு, ஆறு செத்த சேதி தங்கள் பிள்ளைகள் சாகும்போதுதான் தெரியவரும்.